நடுவில் நடுங்கிய வில்

வயலின்காரர்கள் ஒரு விஷயத்தில் படுகஞ்சர்கள். சாப்பாட்டைப் பங்கு போடுவார்கள், மழைக்குக் குடை கொடுப்பார்கள், அவசரமென்றால் வயலினைக்கூடக் கொடுத்துவிடுவார்கள். வில்லை மட்டும் இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டார்கள். அவரவர் வில் அவரவர் பல் துலக்கும் பிரஷ் மாதிரி. தலை நரைத்த ஒரு வயலின் தம்பதியின் வீட்டிலும் இந்தச் சட்டம் மாறவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வாத்தியக் குழுவில், இரண்டாவது வயலின் வரிசையில், ஒரே ஸ்வரத்தாள் ஸ்டாண்டைப் பார்த்து வாசிக்கிறவர்கள். ஆனாலும் அவர் வில்லை அவள் தொட்டதில்லை, அவள் வில்லை அவர் தொட்டதில்லை.

குழுவில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். ஒத்திகைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, நாற்காலியை ஒரு விரல் இப்படியும் ஒரு விரல் அப்படியும் நகர்த்தி, பென்சிலைச் சீவி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். சொன்னால் சொன்னதுதான். ஒரு மத்தியானம் சிகரெட்டை விடுகிறேன் என்றார். சாயங்காலம் மிச்சமிருந்த பாக்கெட்டைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார். அப்புறம் ஒன்றுகூடத் தொடவில்லை. இப்படிப்பட்ட மனுஷனோடு குடும்பம் நடத்துவதில் ஒரு நிம்மதி உண்டு, ஒரு பயமும் உண்டு. அவளுக்கு இப்போது பயம்தான்.

பயத்துக்குக் காரணம் அவருடைய வலது கை. மெல்லிய சத்தத்தில் ஒரே ஸ்வரத்தை நீளமாக இழுக்கும்போது, வில் பிடிப்பக்கத்தில் கிளம்பி, நடுவைத் தாண்டி, நுனிக்கு வரும். கை முழுக்க நீண்டிருக்கும் அந்த இடத்தில் வில் துடித்தது. சபையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலிக்குத் தெரியும். வீட்டில் காபிக் கோப்பையை எடுக்கும்போதும் அதே துடிப்பு. இப்போதெல்லாம் இடது கையால் குடிக்கிறார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

கேட்காததற்கு ஒரு காரணம் இருந்தது. குழுவில் ஒரு செலோக்காரர் இருந்தார். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பூனைக்கு மணி கட்ட ஆளில்லை. கடைசியில் மேலிடத்திலிருந்து கூப்பிட்டு, வாசித்தது போதும் என்று சொல்லும்படி ஆயிற்று. அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது கடிகாரம் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"எனக்கு அப்படி வந்தா, தெரிஞ்ச அன்னைக்கே நிறுத்திடுவேன். யாரும் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம்."

சாதாரணமாகத்தான் சொன்னார். சிகரெட்டை விடுவதையும் இப்படிச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவர் கை துடிப்பதை அவள் அதற்கு முன்பே கண்டிருந்தாள். வாசிக்காத கடிகாரம் வீட்டில் எந்த மூலையில் உட்காருவார், எதைப் பற்றிப் பேசுவார் என்று அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அவர் இல்லாத நாற்காலிக்குப் பக்கத்தில் தான் எப்படி உட்காருவோம் என்பதும் தெரியவில்லை. தனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் என்று அன்றே முடிவு செய்துவிட்டாள்.

நல்லவேளையாக அவர் பழியை வில்லின் மேல் போட்டார். தண்டு தளர்ந்துவிட்டதாம். அதில் கட்டியிருக்கும் குதிரைமுடியை மாற்றியும் பிரயோஜனம் இல்லையாம். இதைவிட உசத்தியாக ஒன்று வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழி அவளுக்குத் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, ஆமாங்க, பழசாகிவிட்டது என்று ஒத்துப் பாடினாள்.

வில் கடையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு வாரம் வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். கடிகாரம் அந்த வழக்கத்தைப் பிழிந்து சாறெடுத்தார். ஒரு வில் கனம். இன்னொன்றில் கனமே இல்லை. ஒன்று கம்பியில் ஒட்டவில்லை, ஒன்று ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. ஒன்றின் பிடி கட்டைவிரலில் இடிக்கிறது. நொள்ளை இல்லாத வில்லே இல்லை. எல்லா வில்லும் நுனிக்கு வந்ததும் துடித்தது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. இந்தத் தேடல் முடியவே வேண்டாம் என்று அவள் உள்ளூர வேண்டிக்கொண்டாள். தேடுகிறவரைக்கும் குற்றவாளி வில்தானே.

இதற்கிடையில் ஒரு கச்சேரி வந்தது. அதில் கடைசிப் பகுதி மெதுவானது. மற்ற வாத்தியங்களெல்லாம் ஒவ்வொன்றாக நின்றுவிட, இரண்டாவது வயலின்கள் மட்டும் மூச்சு விடுகிற மாதிரி ஒரு ஸ்வரத்தை இழுத்து முடிக்க வேண்டும். எழுதினவனுக்கு என்ன, எழுதிவிட்டுப் போய்விட்டான். ஒத்திகையில் அந்த இடம் வரும்போதெல்லாம் அவள் தன் வில்லைக் கம்பியில் கொஞ்சம் அழுத்தினாள். அவருடைய துடிப்பு அவளுடைய சத்தத்துக்கு அடியில் அமுங்கிவிடும். வரிசைத் தலைவி, இவளைவிட எவ்வளவோ சின்னவள், தனியாகக் கூப்பிட்டு, முடிவில் உங்கள் சத்தம் மட்டும் துருத்திக்கொண்டு கேட்கிறதே அக்கா என்றாள். சரிம்மா, பார்த்துக்கொள்கிறேன் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்தால் கடிகாரமும் அதையே பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் வாசிக்கிறாய், மெல்ல வாசிக்கத் தெரியாதா, ஏன் ஏறி ஏறி வருகிறாய் என்று சாப்பிட்டு முடிக்கும்வரை திட்டினார். யாருக்காக இந்தப் பாடுபடுகிறோமோ அவரே திட்டினால் எப்படி இருக்கும். அவள் தட்டுகளைக் கழுவினாள்.

கச்சேரிக்கு முன்னால் வில்லை முடிவு செய்தே தீருவது என்று அவர் கிளம்பினார். அவளும் கூடப் போனாள்.

கடை, சாவி செய்யும் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. நீளமான அறை, தேய்ந்த தரைவிரிப்பு, சுவரோரம் மரச்சட்டத்தில் வரிசையாகத் தொங்கும் விற்கள், எங்கும் பசை வாசனை. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடுகிறவர். வாயாடி, ஆனால் நல்ல மனுஷன். கடிகாரம் புதிதாக வந்திருந்த ஒரு வில்லை எடுத்து, கடைசி ஸ்வரத்தை வாசித்தார். தன் பழைய வில்லில் வாசித்தார். மறுபடி புதியது. முகம் சுருங்கியது. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்றார்.

"சார், தன் முதுகு தனக்குத் தெரியுமா?" என்றார் கடைக்காரர். "காதுக்கடியிலயே வச்சு வாசிச்சா வித்தியாசம் எப்படிக் கேக்கும்? அம்மா வாசிக்கட்டும். நீங்க அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி நில்லுங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வில் எனக்குப் பழக்கமில்லை என்றாள். பழக்கமில்லாதவர் வாசித்தால்தான் வில்லின் குணம் தெரியும் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். அதற்குள் கடிகாரம் தன் பழைய வில்லை அவளிடம் நீட்டிவிட்டார். யோசிக்காமல் நீட்டினார். பிறகு அறையின் கோடிக்குப் போய், ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

பிடியில் அவர் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் இருந்தது. அதில் தன் விரலை வைத்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது, இந்த வில்லுக்கு ஒரு கேடும் இல்லை. வாசித்தால் குழைந்து வரும். அவர் கேட்பார். கேட்டதும் கணக்குப் போடுவார், அதில் அவர் கெட்டிக்காரர். வில் தப்பில்லை என்றால் மிச்சம் ஒன்றுதான்.

முதலில் புது வில்லால் வாசித்தாள். சுத்தமாக வந்தது. அடுத்தது பழையது. அவள் தீர்மானித்துவிட்டாள். தண்டு தளர்ந்த வில் எங்கே தடுமாறும் என்று எந்த வயலின்காரியும் அறிவாள், சரியாக நடுவில். பிடியிலிருந்து ஒழுங்காகக் கிளம்பி, நடுவுக்கு வந்ததும் மணிக்கட்டை இம்மியளவு தளர்த்தினாள். வில் துள்ளித் துள்ளி நடுங்கியது. நடுவைத் தாண்டியதும் நேராக்கிக்கொண்டு நுனிவரை இழுத்து முடித்தாள். பொய்யை இத்தனை சுத்தமாக வாசிக்க வருமென்று அவளே நினைத்திருக்கவில்லை.

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று கடைக்காரர் பூரித்துப் போனார்.

கடிகாரம் திரும்பவில்லை. இன்னொரு தடவை என்றார். அவள் இன்னொரு தடவை நடுக்கினாள், அதே இடத்தில். பிறகு திரும்பினார்.

"நடுவுல நடுக்குற."

வில் அப்படித்தான் வருகிறது என்று அவள் முணுமுணுத்தாள்.

"குச்சி கெட்டா நடுவுலதான் நடுங்கும். நீ சரியாத்தான் செய்யிற. என்னோடது நுனியில." பஸ் நம்பர் சொல்வது போலச் சொன்னார். "இப்ப நடுக்காம வாசி."

அவள் வாசித்தாள். வேறென்ன செய்வது, கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. அவர் வில் பிடியிலிருந்து நுனிவரைக்கும், ஒரு பிசிறில்லாமல், நூல் பிடித்தாற்போல் போயிற்று. அப்படியொரு நல்ல வில். அதை உடைத்துப் போட்டுவிடலாமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"ரொம்ப நாளா."

"அன்னைக்கு பஸ்ல சொன்னேனே, அப்பவே?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள். கடைக்காரர் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, ஒன்றும் புரியாமல், இவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அதான் ஏறி ஏறி வந்தியா" என்றார் கடிகாரம். "நான் வேற உன்னைத் திட்டினேன்."

"திட்டினா திட்டிட்டுப் போங்க. எத்தனை கச்சேரின்னாலும் நான் ஏறி வரேன். எனக்கென்ன போச்சு? நீங்க பக்கத்துல இருந்தா போதும்."

இத்தனை வருஷத்தில் இப்படியொரு பேச்சை அவள் அவரிடம் பேசியதில்லை. மூன்றாம் மனுஷர் முன்னால் பேசியே இருக்கமாட்டாள். அவர் அருகில் வந்தார். கோபம் இருக்குமென்று முகத்தைப் பார்த்தாள், இல்லை. அவளிடமிருந்த வயலினை வாங்கி மேஜையில் வைத்து, அங்கிருந்த புது வில்லை எடுத்து, திருகைச் சுற்றி முடியைத் தளர்த்தி, அவள் கையில் வைத்தார். அப்படிக் கொடுக்கும்போதும் அதன் நுனி துடித்தது. அவர் இந்தத் தடவை அதை மறைக்கவில்லை.

"இதை நீ எடுத்துக்கோ. நல்ல வில்லு. இத்தனை நாளா நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து வாசிச்சிருக்க. இனிமே ஒருத்தருக்கு வாசி."

அப்போ அம்மாவுக்குத்தான் கட்டிக் கொடுக்கட்டுமா என்று கடைக்காரர் தயங்கிக் கேட்டார். அவள் இரண்டு கையிலும் இரண்டு வில்லைப் பிடித்தபடி, முகத்தை மூடக்கூட வழியில்லாமல், கடை நடுவில் நின்று அழுதாள். கடிகாரம் அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அன்றைக்குப் பஸ்ஸில் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.