சொக்னா என்னும் வினை

தலைநகரில் அகராதி தொகுப்போர் கேட்ட சீட்டைப் பள்ளியாசிரியர் ஷூர் ஈராண்டுக்கு முன்பே நிரப்பி அனுப்பியிருந்தார். ‘சொக்னா: நீரில் மாண்டவர் உடலைக் கொக்கி கட்டிய கயிற்றால் அடித்தரையில் துழாவுதல். சொக்னார் என்றால் துழாவுகிறான்; இறந்தகாலத்திலும் சொக்னா, துழாவினான். தேடுதலைக் குறித்த பழஞ்சொல்லின் வழி வந்தது. ஒரே கோயிலை நாடி வருவோரின் சபைக்கும் அவ்வேரே பெயர் தந்தது.’ கீழே ஒரு குறிப்பு: ‘படகில் சேவலை ஏற்றிச் செல்வர். பிணம் கிடக்கும் இடத்துக்கு மேலே வந்ததும் கூவும் என்பர். அறியாமை, அச்சேற்ற வேண்டா.’

இந்த நவம்பரில் அவர் மகன் அஸ்லாக் வலையெடுக்கப் போய்த் திரும்பவில்லை. கவிழ்ந்த படகு மட்டும் கரை ஒதுங்கியது. ஃபியோர்டு என்னும் அந்தக் கடற்கழியின் ஓரங்களில் பனிக்கட்டி படியத் தொடங்கியிருந்தது. அது மூடுமுன் உடலை எடுத்தாக வேண்டும்.

“கோயில் மண்ணுல அவனைப் படுக்க வையுங்க. வேற ஒண்ணும் கேக்கல” என்றாள் ஷூரின் மனைவி எல்ட்ரிட்.

பக்கத்து வீட்டு மோன்ஸ் படகோடு வந்தான், கக்கத்தில் சேவல்.

“அதை எறக்கு, மோன்ஸ்.”

“இருக்கட்டும் வாத்தியாரே. உங்க பொஸ்தகம் படிக்காத சீவன், அதுபாட்டுக்கு ஒக்காந்திருக்கும்.”

மேற்கு முனையருகே சேவல் கழுத்தை நீட்டிக் கூவியது. மோன்ஸ் துடுப்பை நிறுத்தினான். ஷூர் கொக்கியை நீரில் இறக்கவில்லை. ஞாயிறுதோறும் திருப்பாடலை முன்னின்று பாடுபவர், ஒரு சேவலின் குரலுக்குத் தலைசாய்ப்பதோ?

“கூவுறதுதான் அதோட பொழப்பு. நீரோட்டம் கெழக்க போகுது. துடுப்பை வலி.”

“ஒரு தடவை போட்டுப் பாத்தா உங்க வேதம் கொறஞ்சா போயிடும்?”

“வலின்னேன்.”

அன்று முழுதும் கிழக்கே துழாவினர். கல்லும் பாசியுமே வந்தன. மறுநாள் மேற்கு முனை வெள்ளையாய் இறுகிக் கிடந்தது.

எல்ட்ரிட் கஞ்சியை அவர்முன் வைத்தாள். “சேவல் கூவுச்சாமே. மோன்ஸ் பொண்டாட்டி சொன்னா.”

“கூவுச்சு.”

“எங்க?”

“மேற்கு முனையில.”

“அங்க போட்டீங்களா?”

அவர் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். அவள் கோடரியை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

மோன்ஸும் சேர, நண்பகல்வரை மூவரும் மேற்கு முனையில் பனியை வெட்டினர். கொக்கி எதையோ பற்றியது. இழுக்க இழுக்கக் கனத்தது. பின் சட்டென்று இலகுவாயிற்று. மேலே வந்தது அவள் பின்னிய கம்பளிக் கையுறை ஒன்று. மாலைவரை இறக்கியும் வேறெதுவும் அகப்படவில்லை.

எல்ட்ரிட் அதைப் பிழிந்து, மடியில் விரித்து நீவினாள்.

“நேத்தே போட்டிருந்தா இதுக்குள்ள கை இருந்திருக்கும்” என்றாள்.