கமலாசனி பார்த்த நீல வெளிச்சம்

1

இது என் கற்பனையில் உதித்த கதை அல்ல. கண் கிளினிக்கில், காத்திருக்கும் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் சொன்னது. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கோவன் அக்கா. ஆனா என்னைப் பாவம் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ" என்றாள்.

அவளுக்குக் கமலாசனி என்று பெயர் வைத்தேன். முதல் வரியாக "பாவம் கமலாசனி" என்றுதான் கை எழுதியது. வெட்டினேன். அடுத்து, "ஒட்டுசுட்டானில் கடல் இல்லை, ஆனால் ஒரு வீட்டில் அலை" என்று எழுதினேன். அவள் வீட்டு மீன்தொட்டியில் ஏது அலை? அதையும் வெட்டினேன். அழகாக எழுதும் ஆசை எனக்கு இப்போது குறைந்துவிட்டது. நடந்ததையே சொல்கிறேன்.

2

அவளுடைய கணவர் பிரதீபன் சுழியோடி. முல்லைத்தீவுக் கடலில் சிலிண்டர் கட்டி இறங்கிக் கடலட்டை பிடித்தவர். ஒருநாள் ஆழத்திலிருந்து மெல்ல மெல்ல ஏறாமல் அவசரமாக மேலே வந்துவிட்டார். இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி இடுப்புக்குக் கீழே உணர்வு போனது, திரும்பவில்லை. கமலாசனியின் பெற்றோர் விட்டுப்போன காணி ஒட்டுசுட்டானில், காட்டோரம் இருந்தது. அங்கே குடிபோனார்கள்.

அங்கே அவர் பேச்சைக் குறைத்தார், பிறகு சாப்பாட்டையும் குறைத்தார். பயந்துபோன கூட்டாளிகள் ஒரு கண்ணாடித் தொட்டியும், பரல்களில் கடல்தண்ணீரும், செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்களும் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் மறுபடி சாப்பிட்டார்.

(கால்களை எடுத்த கடலில் அவருக்குக் கோபமே வரவில்லையா என்று கேட்டேன். "அவருக்கில்லை அக்கா. எனக்குத்தான்.")

தொட்டி அவருடையது, தொட்டி வேலை அவளுடையது. தண்ணீர் மாற்றுவது, விளிம்பில் படியும் உப்பைத் துடைப்பது, கரண்ட் போனால் பற்றரி மோட்டரைக் கொளுவுவது. அவரைத் தூக்குவதும் குளிப்பாட்டுவதும் கச்சான் கடலைத் தோட்டமும் இதற்கு மேல். யானை வேலியை முறித்துப்போட்ட காலையிலும், "மீனுக்குச் சாப்பாடு போட்டனியே?" என்றுதான் கேட்டாராம்.

இந்த இடத்தில் பிரதீபன் கெட்டவராகத் தெரிகிறார். அப்படியில்லை என்று எழுத ஒரு பந்தி தொடங்கினேன். "அவரும் ஒரு காலத்தில்..." வேண்டாம். பொறுங்கள்.

3

மீன்களின் உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. ஒவ்வொன்றாகச் செத்தன. கொழும்பிலிருந்து கூட்டாளி ஒருவர் ஒரு யூவி லைட் எடுத்து அனுப்பினார். கறுப்புக் குழாய். உள்ளே கண்ணாடி உறை, அதற்குள் பல்ப். மோட்டர் தொட்டித் தண்ணீரை அந்தக் குழாய்வழியாகத் தள்ளும். தண்ணீரில் மிதந்துவரும் கிருமி அந்த ஒளியில் சாகும்.

(இதற்காகவே நான் நிறைய வாசித்தேன். தண்ணீர் மெதுவாகப் போகவேண்டும். விரைந்து ஓடினால் கிருமி தப்பிவிடும். ஏற்கெனவே மீனில் ஒட்டியதை இந்த ஒளி ஒன்றும் செய்யாது. நோயை மாற்றும் மருந்தல்ல, பரவுவதைக் குறைக்கும், அவ்வளவுதான். இதில் ஒரு உவமை ஒளிந்திருக்கிறது, தெரியும். எடுத்து நீட்டச் சோர்வாயிருக்கிறது.)

பூட்டியவள் கமலாசனி. கதிரையில் இருந்தபடி அவர் சொல்லிக்கொடுத்தார். கடைசியாக, "பல்ப்பை நேரை பாக்காதை. கண்ணைச் சுட்டுப்போடும்" என்றார்.

மறுநாள் மத்தியானம் அவர் நித்திரை. அவள் குழாயின் மூடியைக் கழற்றினாள். மலிவுச் சாமான், திறந்தாலும் அணையவில்லை. நீல வெளிச்சம். பார்த்துக்கொண்டே நின்றாள்.

பின்னேரம் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது போல வலி. இமை திறக்க முடியவில்லை.

4

இனி வருவதை நானாக யோசித்திருந்தால் எழுதியே இருக்கமாட்டேன். பார்க்க முடியாதவளும் நடக்க முடியாதவரும். யார் நம்புவார்கள்? ஆனால் நடந்தது. அக்கம்பக்கத்தில் ஆளில்லை, போனுக்குச் சிக்னலும் இல்லை. ஓட்டோ பிடிக்க றோட்டுக்குப் போகவேண்டும். அவள் சில்லுக் கதிரையைத் தள்ளினாள். அவர் வழி சொன்னார்.

"நேரை போ. கொஞ்சம் இடக்கைப் பக்கம். நில், நில், பள்ளம்."

"எங்கை?"

"முன் சில்லுக்குக் கிட்ட. பின்னுக்கு இழு. ஓம், இப்ப போ."

கதிரை பள்ளத்தைத் தாண்டியது.

"பாக்காதை எண்டு சொன்னனான் எல்லே?"

"சொன்னனீங்கள்."

"பிறகேன் பாத்தனி?"

"களைச்சுப்போனன்."

கதிரை இன்னும் கொஞ்சத் தூரம் உருண்டது. பிறகு அவர், "நில்" என்றார்.

"பள்ளமே?"

"இல்லை."

கதிரையின் பிடியில் இருந்த அவள் கையை, பின்னால் எட்டிப் பிடித்துக்கொண்டார்.

அவர் அழுதாரா? அவளால் பார்க்க முடியவில்லை. ஆகவே என்னாலும் எழுத முடியாது.

டொக்டர் மருந்து விட்டு, கண் போகாது, ரெண்டு நாளில் சரிவரும் என்றார். அந்த ரெண்டு நாளும் பிரதீபன்தான் கண்ணுக்குத் துளி விட்டார், கஞ்சி வைத்தார். "குசினிக்குள்ளை சில்லுக் கதிரை போகாது எண்டெல்லே நினைச்சுக்கொண்டிருந்தனான். போகுது அக்கா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எத்தினையோ வருசத்துக்குப் பிறகு நல்லா நித்திரை கொண்டனான்."

வேண்டுமென்றுதான் பார்த்தாயா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

5

கண் திறந்த காலையில் தொட்டியில் ரெண்டு மீன்கள் மிச்சம். பிரதீபன் சொன்னாராம்: "வைச்சிருக்கிறதோ, ஆருக்கும் குடுக்கிறதோ, நீ சொல்லு. நீ சொல்லுறதுதான்."

அதுவரை அவர் அவளிடம் எதையும் கேட்டு முடிவெடுத்ததில்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" என்றுவிட்டு, கண்ணைத் திரும்பக் காட்டக் கிளினிக்குக்கு வந்திருந்தாள்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அவள் "வைச்சிருப்பம், ஆனா தண்ணி மாத்துறது நீங்கள்" என்கிறாள். இது எனக்குப் பிடித்தது, பிடித்ததாலேயே சந்தேகமாயிருக்கிறது. அல்லது, மீன்களைக் கொடுத்துவிடுகிறார்கள், அவர் மறுபடி பேச்சைக் குறைக்கிறார். அல்லது அவள்...

என்னிடமே கேட்டாள். "நீங்கள் கதை எழுதுறனீங்கள்தானே. என்னை என்ன சொல்ல வைப்பியள்?"

நான் வாய் திறக்குமுன் அவளைக் கூப்பிட்டார்கள். டொக்டரிடமிருந்து வந்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவளுக்கு அவசரம், கச்சானுக்குத் தண்ணீர் விடவேண்டும்.

நான் அவளை வீட்டுக்குள் அனுப்பப் போவதில்லை. என் கதைக்குள் அவள் இன்னும் பஸ்ஸில்தான் இருக்கிறாள், ஜன்னலோர சீற்றில், கண்ணை மூடிக்கொண்டு. கொண்டக்டர் ஒட்டுசுட்டான் என்று கத்தும்வரை அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பிரதீபன் கேட்டதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் வைத்திருங்கள். ஆனால் அவளை இப்போது எழுப்பவேண்டாம்.