மண்டை ஓட்டுக்குள் போகும் வெளிச்சம்

அன்று சாயங்காலம் சமையலறையில் இருந்தவர்கள்: கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின் மேல் எலக்ட்ரீஷியன், அடுப்பை ஒட்டி, வெந்நீர்ப் பானையை விட்டு நகராமல், முக்காலியில் அவன் மனைவி, உள்ளே வரவும் மனசில்லாமல் வெளியே போகவும் மனசில்லாமல் பின்வாசல் படியில் பஸ் கண்டக்டரான அவளுடைய அண்ணன், கால் ஆடாத ஒரே நாற்காலியில் கால்நடை டாக்டரம்மா. நடுவே, துணி அலசும் பிளாஸ்டிக் தொட்டியில், வயிறு நனைய வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்திருந்தது மேஸ்திரி.

மேஸ்திரி என்பது கோழி. யார் என்ன வேலை செய்தாலும் பக்கத்தில் போய்க் கழுத்தை நீட்டி மேற்பார்வை பார்ப்பதால் வந்த பட்டம். கோழி அவர்களுடையது அல்ல, எலக்ட்ரீஷியனின் அக்காவுடையது. புருஷன் போன பிறகு அவள் மனம்விட்டுப் பேசியதெல்லாம் இதனோடுதான். முட்டி ஆபரேஷனுக்காக மகள் ஊருக்குக் கிளம்பும்போது கூடையோடு கொண்டுவந்து தம்பியின் கையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

காலையிலிருந்து மேஸ்திரி சரியில்லை. இறக்கையைத் தொங்கப்போட்டு, நெஞ்சை நிமிர்த்தி, வால் விட்டு விட்டுத் துடிக்க, கூண்டுக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. முக்கிப் பார்த்தும் முட்டை வரவில்லை.

“மாப்ளே, பிரசவ வார்டு வாசல்ல பிள்ளையோட அப்பன் உட்காந்திருக்கிற மாதிரியே இருக்கீங்க” என்றான் கண்டக்டர்.

“நீ சும்மா இருண்ணா. அவரே பயந்துபோய் இருக்காரு” என்றாள் தங்கை.

டாக்டரம்மா உறை போட்ட விரலில் எண்ணெய் தடவி, மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். “இருக்கு. கிட்டத்துலதான் நிக்குது. ஆனா மெத்துனு இருக்கு, ஓடே பிடிக்கலே. கெட்டியா இருந்தா தசை பிடிச்சுத் தள்ளிடும். இது தண்ணிப் பை மாதிரி வழுக்குது.”

“லேசா அமுக்கி எடுத்துடலாமா டாக்டரம்மா?”

“கையை வைக்காதீங்க. உள்ளே உடைஞ்சா சீழ் பிடிச்சுடும். அப்புறம் பிழைக்கிறது கஷ்டம். கால்சியம் ஊசி போட்டிருக்கேன். இனிமே சூடு, இருட்டு, அமைதி, அவ்வளவுதான். ஆமா, கூண்டுல பல்பு தொங்குதே, எதுக்கு?”

எலக்ட்ரீஷியனுக்கு முகம் செத்துப்போயிற்று. கோழிப்பண்ணை ஒன்றுக்கு வயரிங் செய்தபோது, விளக்கு எரிந்தால் கோழி கூடுதலாக முட்டை வைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தான். மழைக்காலத்தில் முட்டை குறைந்துபோகவே, அக்கா திரும்பி வரும்போது கூடை நிறைய நீட்டி அசத்திவிடலாம் என்று ஆசை. பண்ணையில் பல்பைப் பார்த்தவன் தீவனத்தைப் பார்க்கவில்லை. ராத்திரி முழுக்க விளக்கை எரியவிட்டு, பகலில் வெறும் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தான்.

“கண்ணை மூடித்தானே தூங்குது, அதுக்கு என்ன தெரியப்போகுதுன்னு நானும் விட்டுட்டேன்” என்றாள் மனைவி, பழியில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.

“கண்ணை மூடினாலும் அதுக்குத் தெரியும்மா. வெளிச்சம் மண்டை ஓட்டைத் தாண்டி மூளைக்கே போயிடும். பகல் நீளமா இருக்கு, முட்டை போடுன்னு அது சொல்லும். இதுவும் போடும். ஓட்டுக்குச் சத்து பத்தலேன்னா தன் எலும்பைக் கரைச்சு எடுத்துக்கும். அதுவும் தீர்ந்துட்டா இப்படித்தான்.”

எலக்ட்ரீஷியன் தொட்டிக்குள் பார்த்தான். எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லாத தலை. எத்தனையோ வீட்டுக்கு வெளிச்சம் கொண்டுபோயிருக்கிறான். சுவிட்ச், வயர், ஹோல்டர் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆனால் வயரே இல்லாமல் எலும்புக்குள் இறங்கி ஒரு உயிரிடம் “போடு” என்று சொல்லும் வெளிச்சத்தை இன்றுதான் கேள்விப்படுகிறான். தன் தலைமேலும் அந்த வெளிச்சம் படுகிற மாதிரி இருந்தது. ஒரு வீட்டு லைனில் மூன்று வீட்டு லோடை ஏற்றிவிட்டோம். இந்த லைனோ கோழியின் சொந்த எலும்பு என்று நினைத்துக்கொண்டான்.

துவட்டி, அட்டைப்பெட்டிக்குள் பழைய போர்வை விரித்து, மேஸ்திரியை உள்ளே வைத்துத் துணியால் மூடினார்கள். ஸ்டாப்புக்கு ஸ்டாப் கத்தியே பழகிய கண்டக்டர்கூட வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தான். அடுப்பில் பானைதான் முணுமுணுத்தது.

பெட்டிக்குள் கீறும் சத்தம். பிறகு, யாரோ கையிலிருந்த கனத்தை இறக்கி வைத்த மாதிரி, நீளமாக ஒரு கேவல்.

டாக்டரம்மா தலையசைத்தார். எலக்ட்ரீஷியன் துணியை ஓரமாக விலக்கிக் கையை விட்டான். ஓடில்லாத முட்டை. வெறும் தோல் பை. உடம்புச் சூடு மாறாமல் அவன் உள்ளங்கைக் குழிக்குத் தக்கபடி வளைந்து உட்கார்ந்தது. மனைவி அவனுடைய டார்ச்சை எடுத்துக் கீழேயிருந்து அடித்தாள்.

முட்டை முழுக்க விளக்காகிவிட்டது. உள்ளே மஞ்சள் கரு, யாருக்கும் அவசரம் இல்லை என்பதுபோல மெல்ல மிதந்து மேலே வந்து நின்றது. கையைச் சற்றுச் சாய்த்தான். அது மறுபடி நகர்ந்து மேலே வந்தது.

கண்டக்டர் எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்திருந்தான். “இதெல்லாம் தினம் நம்ம தட்டுல கிடந்திருக்கு மாப்ளே” என்றான், கோயிலுக்குள் பேசுகிற குரலில். “ஒரு நாளாவது பார்த்தோமா?”

மேஸ்திரி பெட்டிக்குள்ளிருந்து தலையை நீட்டித் தண்ணீர் குடித்தது. “பிழைச்சுடுச்சு” என்றார் டாக்டரம்மா. “பல்பைக் கழட்டுங்க. முட்டைக்கோழித் தீவனம் வாங்குங்க. சிப்பித்தூள் தனியா ஒரு கிண்ணத்துல வைங்க, வேணுங்கிறதை அதுவே எடுத்துக்கும்.”

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் எலக்ட்ரீஷியன் அக்காவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தான். போனில் சொன்னால் பல்பு என்கிற இடத்திலேயே அவள் குறுக்கே பாய்ந்துவிடுவாள். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. பல்பு மாட்டியது, அரிசி போட்டது, ஊசி, வெந்நீர் என்று ஒன்றுவிடாமல் எழுதினான்.

“வாங்கிக் கட்டிக்கப்போறீங்க” என்றாள் மனைவி, தோளுக்கு மேலே எட்டிப் படித்து.

“கட்டிக்கிறேன். கோழி இருக்குல்ல, அது போதும்.”

முட்டையைப் பற்றி எழுத வந்தபோதுதான் பேனா நின்றது. ஒரு வரி எழுதி அடித்தான். இன்னொன்று எழுதி அதையும் அடித்தான். கடைசியில், “அக்கா, அதைக் கையில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நீ வந்ததும் நேரில்தான் சொல்ல வேண்டும், எனக்கு எழுத வரவில்லை” என்று முடித்தான்.

உறையின் ஓரத்தை நாக்கில் தடவி ஒட்டி, மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தான். தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி, தபால் பெட்டிக்குள் கடிதத்தைப் போட்டான்.