ஒத்திவைப்புச் சீட்டு

எங்கள் துறைத்தலைவர் அப்பாசாமி சாருக்குக் காய்ச்சல் என்றால், மறுநாள் ஏதோ கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். செங்கல்பட்டில் எங்கள் கல்லூரியின் ஆங்கிலத் துறையில் அவரைப் போலப் பாடம் நடத்த ஆள் கிடையாது. அவர் வகுப்பில் மணி அடித்ததே காதில் விழாது. ஆனால் மேடை என்றால் போயிற்று. மைக்கைப் பார்த்தாலே மனுஷன் வெளியே போக வாசலைத் தேடுவார். கூட்டம் நடத்தாவிட்டால் பிரின்சிபால் கேட்பார். நடத்தினால் தலைமையுரை ஆற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அவர் கண்டுபிடித்த சந்துதான் ஒத்திவைப்புச் சீட்டு.

துறை வாசலில் 'செய்திகள், வரவிருக்கும் நிகழ்ச்சிகள்' என்று ஒரு பலகை உண்டு. அவ்வப்போது அதில் ஒரு நிகழ்ச்சி ஏறும். முதல் நாள் காலையில் சாருக்குக் காய்ச்சல் வரும். உடனே அட்டெண்டர் ஜலாலுதீன் பசைக் கிண்ணத்தோடு போய் அதன் மேல் ஒரு தாளை ஒட்டிவிட்டு வருவார். "மேற்படி நிகழ்ச்சி ஒத்திவைக்கப்பட்டது. புதிய தேதி பின்னர் அறிவிக்கப்படும். ஆங்கிலத் துறை" என்று அரைத்தாள் அளவில் இங்கிலீஷில் அச்சடித்த சீட்டு. ஒவ்வொரு தடவையும் எழுதுவானேன் என்று சார் மொத்தமாக இருநூறு அடித்து வைத்திருந்தார். முன்யோசனை என்றால் இதல்லவா முன்யோசனை!

நான் அந்தத் துறையில் தற்காலிக டியூட்டர். பெயர் சாராள். மதுராந்தகம் பக்கத்தில் ஊரார் வயலில் ஏர் ஓட்டிய தாவீதின் மகள். எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆனர்ஸ் வகுப்புக்கு அனுமதி கிடைத்தால் என் வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால் ஏப்ரலோடு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அனுமதி தரலாமா என்று பார்க்க, ஐம்பத்தாறாம் வருஷம் பிப்ரவரியில் பல்கலைக்கழகக் கமிஷன் வருவதாகக் கடிதம் வந்தது.

கமிஷன் வருவது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பாசாமி சார் ஓடிவந்தார்.

"மிஸ் சாராள், போர்டு காலியா இருக்கே! துறை தூங்குதுன்னு எழுதிட மாட்டாங்களா? ஒரு ஏழு நிகழ்ச்சி எழுதி மாட்டுங்க."

"எந்த ஏழு, சார்?"

"எதுவா இருந்தா என்ன? அவங்க நாளைக்குச் சாயங்கால ரயிலுக்குப் போயிடுவாங்க. எல்லாத்தையும் அதுக்கப்புறம் வர்ற தேதியாப் போட்டுடுங்க."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்கிறார்கள். ஏழு பொய் சொல்லி ஒரு வேலையைக் காப்பாற்றக் கூடாதா? உட்கார்ந்து எழுதினேன். முதல் பொய் இது: 'ஞாயிறு மாலை நான்கு மணி. மகாபலிபுரம் கடற்கரை. ஆங்கிலச் சொற்போர்: உயர்ந்தது கடலா, ஏரியா? சிற்றுண்டி உண்டு.' சிற்றுண்டியைச் சேர்த்தது மட்டும் என் சொந்தக் கொழுப்பு. மீதி ஆறுக்கும் ஒரு மாதம் தள்ளித் தேதி போட்டேன்.

கமிஷன் என்றால் இரண்டே பேர். ஒருவர் வாயைத் திறக்காமல் எழுதிக்கொண்டே இருந்தார். இன்னொருவர்தான் தலைவர், ஓய்வுபெற்ற பேராசிரியர். சனிக்கிழமை எல்லாவற்றையும் பார்த்து முடித்துக் கிளம்பும்போது பலகை முன்னால் நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"கடலா, ஏரியா! பேஷ். நான் மகாபலிபுரம் பார்த்து இருபது வருஷமாச்சு. ரயிலை நாளைக்கு மாத்திக்கிட்டாப் போச்சு."

அப்பாசாமி சார் தலைவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஜலாலுதீனைப் பார்த்துக் காற்றில் பசை தடவிக் காட்டினார். நான் அதற்குள் உள்ளே பாய்ந்து, அலமாரியிலிருந்த சீட்டுக் கட்டை எடுத்து ஜலாலுதீன் கையில் திணித்தேன்.

"பாய், இத எங்கயாவது கொண்டுபோயிடுங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் சார் கண்ணுல படக்கூடாது."

"இன்னா டீச்சரம்மா, எம் வேலைக்கு வேட்டு வெச்சிடுவ போல கீதே!"

"ஒட்டினா என் வேலைக்கு வேட்டு, பாய்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "செரி, வூட்ல போட்டு வைக்கறேன். சிற்றுண்டின்னு எழுதி வெச்சிகீறியே, அதுக்கு இன்னா பண்ணப்போற? எம் பொஞ்சாதி சுல்தான் பீவி சுண்டல் பண்ணா பீச்சே மணக்கும், ஆமா."

அன்று மாலையே இரண்டு மாணவர்களைப் பிடித்தேன். கடலுக்குக் கோவளத்துக் காஜா மொய்தீன், ஏரிக்கு மதுராந்தகத்துச் சின்னையன். ஏற்கெனவே ஹாஸ்டலில் தினமும் இதே சண்டையைத் தமிழில் போடுகிறவர்கள்தான். இங்கிலீஷில் போடச் சொன்னேன், அவ்வளவே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாசாமி சாருக்கு, ஒரு நாள் தாமதமானாலும், முறைப்படி காய்ச்சல் வந்தது. செய்தி தலைவர் காதுக்குப் போக, அவர் பிரின்சிபாலின் காரை எடுத்துக்கொண்டு நேரே சார் வீட்டுக்கே போய்விட்டார். "கடல் காத்து பட்டா காய்ச்சல் பறந்துடும், வாங்க" என்று கையைப் பிடித்து ஏற்றியிருக்கிறார். கழுத்தில் மப்ளரோடு சார் கடற்கரையில் வந்து இறங்கியபோது, பலிக்கு வந்த ஆடு தோற்றது.

"இந்தத் தொண்டையோட நீங்க பேசவே கூடாது. தலைமை நான் பார்த்துக்கறேன்" என்றார் தலைவர். அடுத்த நிமிஷம் மப்ளரைக் காணோம். எங்கள் சார் முகத்தில் வந்த களையைப் பார்க்க வேண்டுமே!

சொற்போர் அமர்க்களப்பட்டது. "கடலில் எடுத்த மீனைத் தின்றுதானே நண்பர் இப்படிக் கொழுத்திருக்கிறார்?" என்று காஜா கேட்டான். "அந்த மீனைக் குழம்பு வைக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்று சின்னையன் திருப்பிக் கேட்டான். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர்கள் குடும்பத்தோடு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் யார் திட்டுகிறார்கள், யார் திட்டு வாங்குகிறார்கள் என்று தெரிந்து கை தட்டினார்கள். ஏரி ஜெயித்தது என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். வாய் திறக்காதவர்கூடச் சிரித்துவிட்டார். எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் சுல்தான் பீவி சுண்டல் பொட்டலங்களை எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். தலைவர் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு வாய் போட்டார். தாளைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மிஸ் சாராள், இப்ப முடிஞ்ச நிகழ்ச்சி ஒத்திவைக்கப்பட்டதுன்னு இதுல போட்டிருக்கே?"

பக்கத்திலிருந்தவரின் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். அதிலும் ஒத்திவைப்பு. என் கையிலும் அதுவே, சாரின் கையிலும் அதுவே. கடற்கரை முழுக்க ஆங்கிலத் துறை ஒத்திவைக்கப்பட்டுக் கிடந்தது.

ஜலாலுதீன் மனைவியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி, இதுலயா கட்டுன?"

"பின்ன இன்னா? வூட்ல வெள்ள வெளேர்னு கட்டா கெடந்துச்சி. பெரிய மனுசாளுங்களுக்கு அழுக்குப் பேப்பர்லயா குடுப்பாங்க?" என்றார் அந்த அம்மாள்.

பழைய தாள் என்று சொல்லி நான் மழுப்பியிருக்கலாம். வார்த்தை நுனிநாக்கு வரை வந்தது. ஆனால் அந்த அம்மாள் மரியாதைக்காகச் செய்த காரியத்தை வைத்து எட்டாவது பொய்யும் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

"சார், இந்தத் தாள்ல இருக்கறதுதான் நிஜம். ரெண்டு வருஷத்துல பதினோரு நிகழ்ச்சி அறிவிச்சோம். பதினொண்ணும் நடக்கல. போர்டுல நீங்க பார்த்த ஏழும் வெள்ளிக்கிழமை நான் கற்பனையா எழுதினது. இது ஒண்ணு மட்டும் நடந்துடுச்சு, நீங்க வந்ததால" என்றேன். அப்பாவின் முகம் ஞாபகத்துக்கு வந்து அழுகை முட்டியது.

தலைவர் மீதிச் சுண்டலை வாயில் கொட்டிக்கொண்டார். தாளை நீவி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். காரில் ஏறிப் போய்விட்டார்.

மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டியைத் துடைத்துக்கூட வைத்துவிட்டேன். நான்காவது வாரம் உத்தரவு வந்தது. அப்பாசாமி சார் உரக்கப் படித்தார். ஆனர்ஸ் வகுப்புக்கு அனுமதி. ஒரே ஒரு நிபந்தனை: பலகையில் கண்ட மீதி ஆறு நிகழ்ச்சிகளும் சொன்ன தேதிகளிலேயே நடக்க வேண்டும், பொறுப்பு மிஸ் சாராள், தலைமையுரை துறைத்தலைவர். உத்தரவோடு எண்ணெய்க் கறை படிந்த சீட்டு ஒன்று குத்தப்பட்டிருந்தது. அதன் பின்புறம் 'சுண்டல் பிரமாதம்' என்று பென்சிலில் எழுதியிருந்தது.

நான் மேஜையில் தலை கவிழ்ந்து ஓவென்று அழுதேன். வெட்கமே இல்லை. தலையை நிமிர்த்தியபோது அப்பாசாமி சார் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த நிகழ்ச்சி நாளைக்கில்ல? உடம்பு கொஞ்சம் கதகதன்னு இருக்கு. ஜலாலுதீன்..."

ஜலாலுதீன் பசைக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"சீட்டெல்லாம் சுண்டல்ல தீந்துபூட்ச்சி சார். இனிமே நடத்தித்தான் ஆவணும்."