இரண்டு மஞ்சள் மாத்திரை

நாகலெட்சுமி வாய்க்கரிசித் தட்டில் கைவைத்ததும் பேச்சியம்மா அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். பாதி அரிசி சிதறி, பெட்டிக்குள் கிடந்த மாயாண்டியின் வேட்டி மேல் விழுந்தது.

"உசுரோட இருக்கையில நீ போட்டதே போதும்டி. இனிமே ஒன் கையால எந்தம்பி வாயில ஒண்ணும் விழக்கூடாது."

தப்படித்தவர்களின் கைகள் தாமாக நின்றன. லயத்து வாசலில் இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நாகலெட்சுமி வெறுங்கையோடு புருசனின் தலைமாட்டில் நின்றாள்.

"மதினி, எனக்கு ஒண்ணுந் தெரியாது மதினி."

"தெரியாமத்தான் அவன் வாயெல்லாம் வெந்துச்சா? தண்ணிகூட எறங்காமச் செத்தானே!"

மகள் கிருஷாந்தி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தாடையைச் சுற்றி வெள்ளைத்துணி கட்டியிருந்தும் உதட்டுப் புண் தெரிந்தது. பதினைந்து நாளுக்கு முன்பு ஒரு சின்னக் கொப்புளமாகத் தொடங்கியது அது. பிறகு நாக்கு, தொண்டை, காய்ச்சல், ஈறிலிருந்து ரத்தம். புல்லுக்கு அடிக்கிற மருந்தைக் குடித்தவர்களுக்கு இப்படித்தான் வாய் வேகும் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். கோடிக் காம்பராவுக்குப் பின்னால் லீக்ஸ் போட்டிருக்கும் துண்டு நிலத்துக்காக நாகலெட்சுமி அந்த மருந்தில் ஒரு போத்தல் வாங்கி வைத்திருந்தாள். பாதிதான் மிச்சம் இருந்தது. பொலிஸ் அதை நேற்றே கொண்டுபோய்விட்டது.

போதாததற்கு, போன மாதம் மாயாண்டி குடித்துவிட்டு வந்து சோத்துப்பானையை எட்டி உதைத்தபோது, "ஒரு நாளைக்கு ஒனக்கு வெசத்த வச்சிட்டுத்தான் மறுவேல பாப்பேன்" என்று அவள் கத்தியிருந்தாள். லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். எட்டுக் காம்பராவுக்கும் கேட்டது. அன்றைக்குச் சிரித்தவர்கள்தான் இன்றைக்குத் தலை குனிந்திருந்தார்கள்.

கீழே ரோட்டோரத்தில் பொலிஸ் ஜீப் நின்றது. பெட்டி போனதும் நாகலெட்சுமி கூட வரவேண்டும் என்று சார்ஜன் காலையிலேயே சொல்லிவிட்டார். பூண்டுலோயாவிலிருந்து வந்திறங்கிய கையோடு முறைப்பாடு கொடுத்தது பேச்சியம்மாதான்.

"நேரமாகுது," என்றார் சின்னத்தம்பி. பெட்டி தூக்க வந்தவர்களில் மூத்தவர் அவர்தான். "மாயாண்டி இருந்திருந்தா, பெட்டி கோணலா இருக்குன்னு இந்நேரம் நாலு தடவ கத்தியிருப்பான்."

யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள்.

கிருஷாந்தியின் சட்டைக்குள் ஒரு காகித உறை வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. கிளினிக்கில் கொடுத்த உறை. அப்பாவுக்குக் கைமூட்டுகள் வீங்கி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்க முடியாமல் போனபோது அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். லயத்தில் சிங்களம் தெரிந்த பெண் அவள். தலவாக்கலையில் புடவைக்கடையில் நிற்கிறாள். சாரியின் நிறம், நீளம், எல்லாம் சொல்லி விற்பாள். அது புடவைக்கான சிங்களம் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மருந்துக் கவுண்டரில் பின்னால் நாற்பது பேர். உள்ளேயிருந்தவர் மஞ்சள் மாத்திரைகளை உறையில் போட்டு, அதன் மேல் அவளுக்கு வாசிக்க வராத சிங்களத்தில் எதையோ எழுதி, மடமடவென்று சொன்னார். இரண்டு என்பது பிடிபட்டது. மற்றது பிடிபடவில்லை. "ஹரித?" என்று கேட்டார், சரியா என்று. அவள் அம்மாவும், அப்பாவும், இந்தத் தோட்டத்தில் பிறந்த எல்லோரும் கவுண்டருக்கு முன்னால் சொல்வதைத்தான் அவளும் சொன்னாள்.

"ஹரி, சேர்."

அன்றிலிருந்து தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் இரண்டு மாத்திரையை எடுத்து ஒரு மூடியில் வைத்துவிட்டுப் போவாள். அம்மா அதைத் தேத்தண்ணியோடு கொடுப்பாள். ஒரு நாளும் தவறவில்லை. தவறக்கூடாது என்று கலண்டரில் புள்ளிகூட வைத்திருந்தாள்.

முந்தாநாள் ஆஸ்பத்திரியில் முனீரா என்ற நர்ஸ் உறையைத் திருப்பிப் பார்த்தாள். "இத கெழமைக்கு ஒரு நாள்தானே கொடுத்தீங்க மகள்? நாளாந்தம் இல்லையே?"

வாரத்தில் ஒரு நாள். கலண்டரில் வைத்த புள்ளிகள் எல்லாம் கிருஷாந்தியின் கண்முன் வந்தன. தலை மட்டும் பழக்கத்தில் ஆடியது.

"ஓம்."

மறுநாள் விடியும் முன் அப்பா போய்விட்டார். அந்த நிமிடமே உள்ளதைச் சொல்லியிருந்தால்? இல்லை, அதற்குள் எல்லாம் முடிந்திருக்குமா? இரண்டையும் மாறி மாறி யோசித்தாள். எதிலும் மனம் நிற்கவில்லை. இப்போது தெரிவது ஒன்றுதான். தான் வாயைத் திறக்காவிட்டால் அம்மா அந்த ஜீப்பில் ஏறுவாள்.

கிருஷாந்தி ரோட்டுக்குப் படியிறங்கினாள்.

"எங்கடி போற?" என்றாள் நாகலெட்சுமி.

கிருஷாந்தி நேரே ஜீப்புக்குப் போனாள். சார்ஜனிடம் உறையை நீட்டினாள். தெரிந்த சிங்களத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சொன்னாள். கூட நின்ற தமிழ்க் கான்ஸ்டபிள் மிச்சத்தைச் சேர்த்துச் சொன்னான். சார்ஜன் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

அதற்குள் பேச்சியம்மாவும் இறங்கி வந்துவிட்டாள். "என்னா சொல்ற? அப்ப நீயாடி? பெத்தவனுக்கு நீயா?"

"தெரியாம அத்த. ரெண்டுன்னு மட்டும் வெளங்கிச்சு. திருப்பிக் கேக்க வெக்கமா இருந்திச்சு."

நாகலெட்சுமி வேகமாக வந்து மகளை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

"சின்னப்புள்ள சார், பயத்துல என்னமோ ஒளறுது. வச்சது யாரா இருந்தா என்னா? குடுத்தது நாந்தான். வாங்க, நா வாறேன்."

"அம்மா, விடு."

"நீ வாய மூடு."

"மூடித்தானே இவ்வளவும்."

சார்ஜன் ஜீப்பின் பொனட் மேல் புத்தகத்தை வைத்து எழுதினார். ஒரு பக்கம் முழுக்க வட்டம் வட்டமான சிங்கள எழுத்து. எழுதி முடித்து வேகமாக வாசித்துவிட்டு, பேனையை நீட்டினார்.

"ஹரித?"

'ஹரி, சேர்' நாக்கு நுனிவரை வந்தது. மேலே லயமே பார்த்துக்கொண்டிருந்தது.

"தேருணே நே, சேர்," என்றாள். விளங்கவில்லை. "திரும்ப வாசிங்க. மெதுவா. இவரு தமிழ்ல சொல்லட்டும்."

சார்ஜன் சலித்துக்கொண்டார். ஆனாலும் வாசித்தார். மூன்றாவது வரியில் 'வேண்டுமென்றே' என்று இருந்தது. "நா அப்படிச் சொல்லல," என்றாள் கிருஷாந்தி. அவர் அதை வெட்டினார். அவள் கையெழுத்து வைத்தாள்.

உறையைப் பெரிய டாக்டருக்கு அனுப்புவதாகவும், திங்கட்கிழமை தாயும் மகளும் ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டு ஜீப் இறங்கிப் போனது.

மேலே போனதும் பேச்சியம்மா தட்டைக் கையில் கொடுக்கவில்லை. பெட்டியின் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். நாகலெட்சுமி குனிந்து ஒரு பிடி அரிசி எடுத்து, புண்ணில் படாமல், வாயோரத்தில் மெதுவாக வைத்தாள். தப்பு மறுபடி முழங்கியது. ஆண்கள் தேயிலைக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். சின்னத்தம்பியின் "மெல்ல, மெல்ல" மட்டும் மூடுபனிக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் கேட்டது.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டு, தலை முழுகப் பீலிக்குப் போனார்கள். மலையிலிருந்து விழும் தண்ணீர் கையை வெட்டியது.

சனம் விலகி நாகலெட்சுமிக்கு வழிவிட்டது. அவள் மகளைப் பீலிக்குக் கீழே இழுத்து உட்கார வைத்தாள். கிருஷாந்தி காத்திருந்தாள். திட்டினாலும் சரி, அடித்தாலும் சரி.

நாகலெட்சுமி வாளியை நிறைத்து மகள் தலையில் ஊற்றினாள். முடியைப் பிரித்துத் தேய்த்தாள். மறுபடி நிறைத்தாள். மறுபடி ஊற்றினாள். கிருஷாந்தியின் பல் கிட்டி உடம்பு நடுங்கத் தொடங்கியும் அவள் நிறுத்தவில்லை.

அவர்களுக்குப் பின்னால், வெறும் வாளியோடு, தன் முறைக்காகப் பேச்சியம்மா நின்றுகொண்டிருந்தாள்.