சாண் நீள டாங்கியின் சேறு

செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை மாடியில் குடியிருக்கும் செந்தாமரையின் ஷோகேஸில் ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் டாங்கி இருந்தது. அதன் சக்கரங்களில் தினமும் காலையில் புதுச் சேறு ஒட்டியிருக்கும். சில நாள் சேறு இல்லாமல் வெறும் மணலாக இருக்கும். செஞ்சியில் மழை பெய்ததற்கும் பெய்யாததற்கும் அதில் சம்பந்தம் கிடையாது. அவள் புருஷன் தமிழ்ச்செல்வன் ராணுவத்தில் டாங்கி ஓட்டுகிறவன். வடக்கே அவன் வண்டி எதில் இறங்கி எதில் ஏறுகிறதோ, அது விடிந்ததும் இங்கே தெரிந்துவிடும். கேபிள் ரிப்பேருக்கு வந்தவர் இதைக் கேட்டு, கண்ணாடியை ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, வயரை மாற்றிப் போட்டுப் போனார்.

பொம்மை டாங்கிகளைப் பழசாக்குவதுதான் செந்தாமரையின் தொழில். பெங்களூரிலும் புனேயிலும் இருக்கிற பெரிய மனிதர்கள் துண்டு துண்டாக வரும் கிட் வாங்கி ஒட்டி முடித்துவிட்டு, ஐயோ இப்படிப் புதுசாகப் பளபளக்கிறதே என்று கவலைப்பட்டு இவளுக்குப் பார்சலில் அனுப்புவார்கள். இவள் ஸ்பாஞ்சால் ஒற்றிப் பெயின்ட் உதிர்ந்த மாதிரி செய்வாள், துரு ஏற்றுவாள், எண்ணெய் வழிய விடுவாள், தூசி படிய வைப்பாள். "ஊருல பழசப் புதுசாக்கத்தான் ஆளு தேடுறாங்க, நீ இன்னாம்மா புதுசப் பாழாக்கினு இருக்கற?" என்று எதிர் டீக்கடை முருகையன் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். ஆனால் காரணமில்லாத கறை ஒன்றைக்கூட அவள் வைத்ததில்லை. கால் படுகிற இடத்தில்தான் பெயின்ட் போகும், தண்ணீர் தேங்குகிற இடத்தில்தான் துரு வரும், எது மேலே இருக்கிறதோ அதுதான் கடைசியாக நடந்தது என்பாள். கண்ட இடத்தில் துரு பூசுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அது டாங்கி இல்லை, திருஷ்டிப் பூசணிக்காய் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் புருஷன் ஓட்டும் டாங்கியையே செய்ய உட்கார்ந்தாள். போனில் ஒவ்வொரு கீறலாகக் கேட்டுக் கேட்டு வைத்தாள். டிரைவர் உட்காரும் குழிக்கு மேலே ஒரு மூடி. அதைத் திறந்து வெளியே வரும்போது அவன் எப்போதும் வலது காலை விளிம்பில் ஊன்றுவான், அந்த இடத்தில் பூட்ஸ் உரசி இரும்பு வெளுத்திருக்கும். அந்தக் கீறலை வைத்த மறுநாள்தான் சேறு வர ஆரம்பித்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

கஷ்டம் தமிழ்ச்செல்வனுக்குத்தான். பெண்டாட்டியைப் பயமுறுத்தக் கூடாதென்று வாய் கூசாமல் பொய் சொல்கிற ஆள் அவன். "கேம்ப்லதான் இருக்கறேன், சும்மா வாலிபால் ஆடினு இருந்தோம்" என்பான். "ஆத்துக்குள்ளயா ஆடுனீங்க? பீரங்கிக் குழாய் வரைக்கும் சேறு இருக்குது" என்பாள் இவள். உடனே போனை அம்மாவிடம் கொடு என்பான். ஒரு ஆயுதபூஜைக்கு மாமியார் அம்மாக்கண்ணு மிக்சி, ஸ்கூட்டி, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு, பாவம் இதை மட்டும் விடுவானேன் என்று டாங்கி நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தாள். மறுநாள் போன் வந்தது. "யாரு பொட்டு வெச்சது? கண்ணுல படாம இருக்கத்தான் சேத்தப் பூசி நிறுத்தி வெச்சிருக்கறோம், விடிஞ்சா தாம்பாளம் அகலத்துக்குக் குங்குமம் இருக்குது! ஆபீசர் என்னப் புடிச்சி உலுக்குறாரு!" அன்றிலிருந்து அந்த டாங்கியை யாரும் கையால் தொடுவதில்லை என்று வீட்டில் முடிவானது. சாமி குத்தம் என்று அம்மாக்கண்ணு ஒரு வாரம் முனகினாள்.

மூன்றாம் வருஷம் தை மாதத்தில் ஒருநாள் காலை, டாங்கியின் பின்பாதி முழுக்கக் கரியாக இருந்தது. பிளாஸ்டிக் உருகவில்லை, டீசல் கருகின நாற்றம் மட்டும் கூடம் முழுக்க அடித்தது. தமிழ்ச்செல்வனின் போன் ஸ்விட்ச் ஆஃப். அம்மாக்கண்ணு மாரில் அடித்துக்கொண்டு விழுந்தாள். கடைத்தெருவில் பாதி மாடிக்கு ஏறி வந்துவிட்டது. ஆண்கள் மாடிப்படியில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பெண்கள் ஒப்பாரிக்கே தயாராகிவிட்டார்கள்.  செந்தாமரை பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஷோகேஸ் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு தரம் அதைக் கீழே வைத்துவிட்டுப் பிறகு மறுபடி எடுத்தாள்.

"அழாதீங்க அத்தை. உங்க புள்ள எறங்கிட்டாரு" என்றாள்.

"இன்னாடி சொல்ற?"

"கரி அடியில இருக்குது, கீறல் மேல இருக்குது. எரிஞ்சப்புறம்தான் கால ஊணி வெளிய வந்திருக்காரு. வலது காலுதான். கூட இருந்தவங்க ரெண்டு பேரும் எறங்கிட்டாங்க, அவங்க மூடிகிட்டயும் கீறல் இருக்குது."

அதிர்ச்சியில் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று படிக்கட்டில் பேசிக்கொண்டார்கள். அவள் உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டாள். இறங்கிய பிறகு அவன் நின்றானா, விழுந்தானா என்பதை டாங்கி சொல்லாது என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சர்க்கரை போட மறந்திருந்தாள். அந்த டீயை எல்லோரும் சர்க்கரை கேட்காமல் குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. "ஒண்ணுமில்ல, லேசாக் காய்ச்சல், ஆஸ்பத்திரில இருக்கறேன்" என்றான் அந்த மகராசன். "காய்ச்சலுக்கு டாங்கி எரியுமா?" என்று கேட்டவள் அதற்குமேல் பேச முடியாமல், ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்திருந்த அழுகையைப் போனிலேயே அழுது தீர்த்தாள்.

இடது கையில் கட்டுடன் லீவில் வந்தான். பயிற்சியில் இன்ஜினில் தீப்பிடித்ததாம், அவ்வளவுதான் சொன்னான். எரிந்த வண்டியைக் கழித்துவிட்டார்கள். ஷோகேஸில் இருந்த டாங்கியில் அதற்குப் பிறகு எந்த மாற்றமும் வரவில்லை. லீவு முடிந்து கிளம்புகிற அன்று, "புது வண்டி குடுப்பாங்க. அதச் செய்யாத செந்தாமர. தெரியாம இருந்தா நீ நிம்மதியா இருப்ப" என்றான்.

"யாரு நிம்மதிக்குச் சொல்றீங்க?" என்று கேட்டாள். அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

அவன் திருவண்ணாமலை ரோடு தாண்டுவதற்குள் அவள் புதுக் கிட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டாள். ஒரு மாதத்தில் புது டாங்கி, அந்த வலது கால் கீறலோடு, ஷோகேஸில் நின்றது. சேறு வந்தது, மணல் வந்தது. போனில் வாலிபாலும் வந்தது. இவளும் கேட்டுக்கொண்டாள். பிறகு சித்திரையில், சிக்னல் இல்லாத எங்கேயோ அவனை அனுப்பிப் பத்து நாளாகப் பேச்சே இல்லாமல் இருந்தபோது, ஒரு காலையில் பின்பக்க மட்கார்டின் தூசியில் மயிரிழை மாதிரி ஏதோ தெரிந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். விரலால் எழுதியது. அவன் கையெழுத்தேதான், "ய" போடும்போது கடைசிக் கோடு மேலே ஓடிவிடும்.

"பயமா இருக்குது" என்று எழுதியிருந்தான்.

 செந்தாமரை இருப்பதிலேயே மெல்லிய பிரஷை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தூசியிலேயே அதன் கீழே "எனக்கும்" என்று எழுதினாள். கண்ணாடிக் கதவைச் சாத்தியபோது அம்மாக்கண்ணு பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது.

"இன்னாமோ எழுதியிருக்குதாட்டம் இருக்குதே, இன்னாடி சொல்றான்?"

"சாப்ட்டாராம் அத்தை. வாலிபால் ஆடினு இருக்காராம்" என்றாள் செந்தாமரை.