எஞ்சின் ஏற்றிய ஞாயிறு

என் வீட்டுக்காரர் ஜெயகாந்தன் நோர்வூட்டில் ஒரு கராஜில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவருக்கு வீடு, வாசல், பெண்டாட்டி எதுவும் ஞாபகம் இருக்காது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் தார்ப்பாய்ப் படங்கு கட்டி இரண்டு வருஷமாக ஒரு கார் செய்துகொண்டிருந்தார். வெளிநாட்டுப் பந்தயக் கார் ஒன்றை போனில் பார்த்து, அச்சாக அதே மாதிரி. இரும்புக் குழாயில் சட்டம், பைபர் கிளாஸில் உடம்பு. யார் கண்ணிலும் காட்டாமல் மூடியே வைத்திருந்தார். முடிந்ததும் ஊரே வாயைப் பிளக்க வேண்டுமாம்.

லயத்தார் பார்த்ததெல்லாம் ஆரம்பத்தில் கிடந்த சக்கரங்களையும் சட்டத்தையும்தான். ஒருநாள் பக்கத்து வீட்டுச் செல்லசாமி மாமா வந்து நின்றார். அவர் மகள் பிரேமினி மாசமாக இருந்தாள். தோட்டத்து லொறியை நம்பினால் அது வருவதற்குள் பிள்ளையே பிறந்துவிடும்.

"தம்பி, வண்டி முடிஞ்சிருச்சுன்னா நம்ம புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரலாந்தானே?"

இவர் வாயில் போல்ட்டைக் கவ்விக்கொண்டு "ம்" என்றார். கேள்வி காதில் விழுந்ததா என்பதே சந்தேகம். எனக்கு விழுந்தது. அதில் இரண்டே சீட்டு, காலை நீட்டிச் சாய்ந்துதான் உட்கார வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அவரே சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். ராத்திரி கேட்டதற்கு, "அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். அந்த "ம்" மறுநாளே லயம் முழுக்கப் பரவிவிட்டது.

போன ஞாயிறு எஞ்சின் வந்தது. உடைத்துப் போட்ட ஒரு வேனின் எஞ்சின். மழையில் பாதை அரித்துக் கிடந்ததால் லொறிக்காரன் கீழே ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். இவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். செல்லசாமி மாமா ஒரு குரல் கொடுத்ததும் லயத்து ஆம்பளைகள் எல்லாம் இறங்கி வந்தார்கள். கயிறு கட்டி, கம்பு கொடுத்துத் தோளில் தூக்கினார்கள். "பாத்துடா, பிரேமினி போற வண்டி" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே ஏறினார்கள். தேத்தண்ணி வாளியோடு பின்னால் நடந்த எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம்.

படங்கை முன்பக்கம் மட்டும் விலக்கி, பாரம் தூக்கும் செயின் புளொக்கில் தொங்கவிட்டு எஞ்சினை இறக்கினார்கள். ஒரு போல்ட் துளை சேரவே இல்லை. மாமா தோளை முட்டுக்கொடுத்து நெம்பினார், சேர்ந்தது. வயரையும் குழாயையும் மாட்டி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. சாவியைத் திருப்பினார். முக்கி முனகி, ஒருவழியாக உறுமியது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்த ஜோரில் இவர் படங்கை முழுசாக உருவிப் போட்டார்.

சிவப்பாக, தரையோடு தரையாகக் கிடந்தது கார். கைதட்டல் நின்றுபோனது.

பிரேமினியின் அம்மா மீனம்மா அக்கா குங்குமத் தட்டோடு நின்றாள். என்ன நினைத்தாளோ, "எதுக்கும் ஒக்காந்து பாரு" என்று மகளிடம் சொன்னாள். பிரேமினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். எழும்ப முடியவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

இவர் குனிந்த தலை நிமிரவில்லை. யாராவது திட்டியிருந்தால் நானும் சேர்ந்து நாலு வார்த்தை திட்டி மனசை ஆற்றியிருப்பேன். ஒருவரும் திட்டவில்லை. தோல் உரிந்த தோளைத் தடவிக்கொண்டு, "சத்தம் நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார் மாமா. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

மீனம்மா அக்கா என்னிடம் வந்து இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

"லோஜினி, வலி வந்தா இத அமுக்குனா போதும்னு எங்க சின்னவ ஒம் புருஷன் நம்பர மேலயே போட்டுக் குடுத்துச்சு. அவசரத்துல கை அதுக்கே போயிரும். எனக்கு அழிக்கத் தெரியாது. நீயே அழிச்சிரு புள்ள."

'ஆஸ்பத்திரி வண்டி' என்று பெயர் போட்டிருந்தது. அத்தனை பேர் முன்னாலும் என் புருஷன் நம்பரை நானே அழித்து, போனை அவள் கையில் கொடுத்தேன்.